நாய் முத்திரையை நம்பலாமா?

பழம்பொருள் கடை ஒன்றின் முன் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் பித்தளைக் குழல், அதன் கீழே மரப்பெட்டி. பெட்டியின் முகப்பில், குழலுக்கு எதிரே தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயின் படம். "நூறு வருஷத்துச் சாமான், சார்! அசல் எச்.எம்.வி." என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

என் மாணவர் ஒருவர் நம்பினார். சேமித்த பணத்தையெல்லாம் கொடுத்து அப்படி ஒன்றை வாங்கி, எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கி வந்தார். அந்தப் பெட்டிக்கு வருமுன், முத்திரைகளைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

பெயரே முதல் தடயம்

நாம் எல்லாவற்றையும் கிராமபோன் என்றே சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் அப்படி இல்லை. 1877இல் எடிசன் செய்த கருவி 'போனோகிராப்'. வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையில் அது ஒலியைப் பதித்தது. மெழுகு உருளையைக் கொண்டுவந்த சிசெஸ்டர் பெல்லும் டெயின்டரும் தங்கள் கருவிக்கு இட்ட பெயர் 'கிராபோபோன்'. அதற்கான காப்புரிமை 1886இல் கிடைத்தது. இப்பெயரைப் பின்னர் கொலம்பியா கம்பெனி வழங்கி வந்தது. உருளையை விட்டுத் தட்டைக் கையாண்ட எமில் பெர்லினர், 1887இல் தம் கருவியைக் 'கிராமபோன்' என்றார். ஆகவே பெட்டியில் எந்தச் சொல் இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படியுங்கள். 'விக்ட்ரோலா' என்றிருந்தால், அது அமெரிக்க விக்டர் கம்பெனி 1906இல் வெளியிட்ட, குழலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்து வைத்த வகை.

படங்கள் சொல்வது

எடிசன் தம் கையெழுத்தையே முத்திரையாக்கினார். பிரெஞ்சுக் கம்பெனியான பாத்தேக்குச் சேவல். கொலம்பியாவுக்கு இணைந்த இசைக் குறிகள். ஜெர்மனியின் ஓடியனுக்குத் தூண்கள் கொண்ட கட்டடம். சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற ஓடியன் இசைத்தட்டுகளைப் பழைய குடும்பங்களில் இன்றும் காணலாம்.

நாயின் கதை சுவையானது. நிப்பர் என்ற அந்த நாயை ஓவியர் பிரான்சிஸ் பாராட் முதலில் தீட்டியது எடிசனின் உருளைக் கருவிக்கு எதிரேதான்! 1899இல் லண்டன் கிராமபோன் கம்பெனி, தங்கள் கருவியை வரைந்து தந்தால் ஓவியத்தை வாங்குவதாகச் சொன்னது. பாராட் பழைய கருவியின் மேல் புதியதைத் தீட்டிக் கொடுத்தார். அதற்குமுன் அக்கம்பெனியின் சின்னம், தட்டின்மேல் இறகுப் பேனாவால் எழுதும் தேவதை.

ஒரே நாய் நாட்டுக்கு நாடு வேறு கம்பெனியைக் குறிக்கும். அமெரிக்காவில் அது விக்டர். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அது கிராமபோன் கம்பெனி, அதாவது எச்.எம்.வி. எனவே படத்தோடு நிற்காமல் அதன் அடியிலுள்ள பெயரையும் படிக்க வேண்டும்.

காப்புரிமைத் தேதிகள் பொறித்த உலோகத் தகடு இருந்தால் நல்லது. அவற்றுள் கடைசித் தேதிக்கு முன் அந்தக் கருவி செய்யப்பட்டிருக்க முடியாது அல்லவா?

வரிப்பள்ளம் சொல்லும் சாட்சி

முத்திரை அழிந்திருந்தால் இயற்பியல் கைகொடுக்கும். பெர்லினர் முறையில், தட்டின் வரிப்பள்ளம் இடவலமாக நெளிகிறது. ஊசியும் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள, சவுண்ட் பாக்ஸின் அதிர்தகடு செங்குத்தாக நிற்கும். எடிசன் முறையில் பள்ளத்தின் ஆழம் கூடிக் குறைகிறது. ஊசி மேலும் கீழும் ஆடும். ஆகவே எடிசனின் தட்டுக் கருவியில் அதிர்தகடு தட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும். 1912இல் அவர் வெளியிட்ட வைரத் தட்டுகள் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தடிமன் உள்ளவை. கையில் எடுத்தாலே தெரியும். பாத்தேயின் பழைய தட்டுகளும் ஆழ முறையைச் சேர்ந்தவையே. அவற்றுக்கு உருண்டை முனையுள்ள நீலக்கல் வேண்டும்.

இது வெறும் ஏட்டறிவு அன்று. சேவலையோ எடிசன் பெயரையோ கவனியாமல் அத்தட்டின்மேல் சாதாரண எஃகு ஊசியை வைத்தால், அது பள்ளத்தின் அடியை உழுதுவிடும். அதிலிருந்த குரல் திரும்பி வாராது.

மாணவரின் பெட்டி

இனி அந்தப் பெட்டியைப் பார்ப்போம். 1910ஆம் ஆண்டுக் கருவி என்று சொல்லி விற்றிருந்தார்கள். மோட்டாரைத் தாங்கும் பலகையைக் கழற்றினோம். திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி வடிவக் காடி! அந்த வகை புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். ஆனால் பழுதுபார்த்தவர் யாரேனும் திருகாணியை மாற்றியிருக்கலாம். ஒரு தடயம் மட்டும் போதாது. மேலும் தேடினோம். குழலும் ஒலிக்கையும் சேரும் இடத்தில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அழுத்த அலைகள் குழலுக்குள் செல்லாமல் அங்கேயே கசிந்துவிடும். ஒலியை அறிந்து செய்தவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள். நாய்ச் சின்னத்தை அடுத்த மரம் கறுத்திருந்தது. சின்னமோ நேற்று ஒட்டியதுபோல் இருந்தது. மூன்றும் சேர்ந்தபின் ஐயமில்லை. பெட்டியும் குழலும் புதியவை.

"அப்படியானால் எதுவுமே அசல் இல்லையா, சார்?" என்றார் மாணவர், குரல் கம்மி.

இருந்தது. சாவி கொடுக்கும் மோட்டாரும் சவுண்ட் பாக்ஸும் உண்மையில் பழையவை. கையில் தூக்கிச் செல்லும் சிறு பெட்டிக் கிராமபோன் ஒன்றிலிருந்து எடுத்தவை. குழல் இல்லாததால் அதற்கு விலை இல்லை என்று கருதி, உடைத்து இதில் பொருத்திவிட்டார்கள். ஒரு பொய்யைச் செய்ய ஒரு மெய் அழிந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் குழலில்லாத கறுப்புப் பெட்டி ஒன்று கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மெருகேற்றுவதாக எண்ணித் தேய்க்கவும் வேண்டாம். மங்கிய எழுத்துகளும் தகட்டு எண்களுமே அதன் பிறப்புச் சான்று. முதலில் மூடியைத் திறந்து, ஒரு தாளில் கண்டதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்: பெயர், படம், எண், கடைசித் தேதி, அதிர்தகடு நிற்கிறதா, படுத்திருக்கிறதா. அதன் பிறகு சாவி கொடுக்கலாம்.