கல்வராயன் மலை

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் நீலநிறமாக நீண்டு தோன்றும் தொடரே கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இதில் கோமுகி ஆறு பிறந்து, கச்சிராயபாளையம் அருகே அணையில் தேங்கி, சமவெளி வயல்களை நனைக்கிறது.

மலைமேலுள்ள ஊர்களுள் முதன்மையானது வெள்ளிமலை. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்களைக் கேரள நாட்டினர் என மாணவர்கள் மயங்க வேண்டா; மலையில் வாழ்வோர் என்பதே பொருள். பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. சாமையும் தினையும் கேழ்வரகும் பழம்பயிர்கள்.

ஏறுதற்கு அரிய மலை இவர்களுக்கு அரணாயிற்று, அதுவே தளையுமாயிற்று. சடையகவுண்டன், குரும்பகவுண்டன், அரியகவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களின் கீழ் மலை இருந்தது. உழுதவர் வரி செலுத்தினர். நிலத்தின் உரிமையோ ஜாகீர்தாரிடம் இருந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பிறந்தது. ஆயினும் இம்மலையை அரசு ஏற்றது 1976இல்தான்! நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

ஆகவே, ஓர் ஊரின் வரலாற்றைக் கற்க விரும்புவோர் அதன் மலையையும் ஆற்றையும் அறிந்தபின், நிலம் யார் கையில் இருந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.