தி.நகருக்குள் மாட வீதி நுழைந்தது எப்படி?

நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால், 1920களில் மாம்பலம் பக்கத்து ஏரியைத் தூர்த்து உருவான பகுதிக்கு இன்று பல பெயர்கள். ஒருவர் தி.நகர் என்பார், ஒருவர் டி.நகர், இன்னொருவர் தியாகராய நகர். முகவரிக் கோப்பில் இவர்கள் எல்லோரையும் பொறுக்க, உரையில் வடிவங்களைத் தேடும் குறியீட்டு முறையான ரெஜெக்ஸில் ஒரே வரி போதும்:

(தி|டி|தியாகராய)\.? ?நகர்

செங்குத்துக் கோட்டுக்குப் பொருள் 'அல்லது'. கேள்விக்குறி வந்தால், முன்னால் உள்ள புள்ளியோ இடைவெளியோ இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ரெஜெக்ஸின் வேர், நரம்பு வலைகளைப் பற்றிக் கணிதவியலாளர் ஸ்டீபன் க்ளீனி 1956இல் வெளியிட்ட கட்டுரை. கணினி அறிஞர் கென் தாம்சன் 1968இல் அதை உரை தேடும் நிரலாக்கினார்.

அடைப்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தி|டி|தியாகராய\.? ?நகர் என்றால் 'நகர்' கடைசிப் பெயருக்கு மட்டுமே சொந்தம். வெறும் 'தி' வந்த இடமெல்லாம் பொருந்திவிடும். திருவான்மியூர் சிக்கும். 'வீதி'யிலும் தி இருப்பதால் மயிலாப்பூர் மாட வீதிக்காரர்கள் மொத்தமாகத் தி.நகருக்குக் குடிபெயர்ந்துவிடுவார்கள்!

வரிசையும் முக்கியம். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் இடமிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். (தி|டி|தியாகராய) என்று மட்டும் கொடுத்தால் 'தியாகராய'விலிருந்து 'தி'யைக் கிள்ளிக்கொண்டு 'யாகராய'வை விட்டுவிடும். பின்னால் 'நகர்' இருந்தால் தப்பித்தோம்: 'தி'யை அடுத்து நகர் இல்லையே என்று திரும்பிவந்து அடுத்ததைப் பார்க்கும். கிரெப் என்ற தேடல் கருவி அப்படியல்ல, இருப்பதிலேயே நீளமானதை எடுக்கும். எதற்கும் நீளமான பெயரை முதலில் எழுதுவது நல்லது.

தமிழில் செங்குத்துக் கோட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அடையார், அடையாறு இரண்டையும் பிடிக்க, ஆங்கிலப் பழக்கத்தில் அடையா[ர்று]$ என்று எழுதத் தோன்றும் (டாலர் குறி என்றால் 'இங்கே வரி முடிய வேண்டும்'). ஒன்றுகூடச் சிக்காது. நமக்கு 'ர்' ஓர் எழுத்து. யூனிகோடில் அது 'ர'வும் புள்ளியுமாக இரண்டு. 'று'வும் அப்படியே. சதுர அடைப்பு ஒரு குறியீட்டை மட்டுமே எடுக்கும், மிச்சம் தொங்கும். அடையா(ர்|று)$ என்றால் சிக்கல் இல்லை. முகவரியை விட்டு வாக்கியங்களில் தேடினால் 'அடையாரில்', 'அடையாற்றில்' எல்லாம் வரும். அப்போது டாலர் குறியை நீக்கிவிட்டு, அடைப்புக்குள் 'ரி', 'ற்' இரண்டையும் சேர்க்க வேண்டும்.