பாளையங்கோட்டைப் பாப்பாத்தி அம்மாள்

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில் குளியாளியின் உயிர் படகில் நிற்பவன் கையில் இருந்தது. கல்லின் கனத்தில் கடலடி முத்துப் பாருக்கு இறங்குகிறவன், மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுத்தாக வேண்டும். அந்த வேலைக்கு மச்சானைத்தான் வைப்பார்கள் என்பது கரையில் வழிவழியாக வரும் பேச்சு. கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் கண் இருக்கலாம். ஆனால் தன் தங்கை தாலியறுக்கும்படி எவனும் கயிற்றை நழுவவிட மாட்டான் என்பது கணக்கு.

அப்படியும் தாலியறுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வழி முற்றிலும் அடைபட்டிருக்கவில்லை. 1530களில் கத்தோலிக்கம் தழுவிய பரதவர்களின் திருச்சபை, கைம்பெண் மறுபடி மணப்பதைத் தடுக்கவில்லை. தூத்துக்குடியில் கோலோச்சிய டச்சுக்காரர்களின் சட்டமோ கணவன் மனைவி சொத்தைப் பொதுச் சொத்தாகவே பார்த்தது. அவன் போனால் பாதி அவளுக்கு.

அங்கிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் பாளையங்கோட்டை. கும்பினிப் படை முகாமிட்டிருந்த கோட்டை அது. 1770களில் அங்கே வாழ்ந்த ஒரு மராட்டியப் பிராமண விதவைக்கு அவருடைய சாதி வழக்கம் மறுமணத்தையும் தரவில்லை, தனி வாழ்வையும் தரவில்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்டச் சமமான ஒன்றை அவரே தேடிக்கொண்டார்.

சொந்த ஊர் தஞ்சாவூர். பெயர் கோகிலா என்பார்கள். உடன்கட்டை ஏற இருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி சிதையருகிலிருந்து மீட்டார் என்று ஒரு கதை உண்டு. நாவலுக்கு ஏற்ற கதைதான்; சரித்திரமாக அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. உறுதியாகத் தெரிவது இவ்வளவு: அவர் அந்த அதிகாரியோடு மணமுடிக்காமலே சேர்ந்து வாழ்ந்தார், அவரிடமே ஆங்கிலமும் கிறிஸ்தவ மார்க்கமும் கற்றார்.

ஞானஸ்நானம் வேண்டும் என்று தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். காரணம் அந்தக் கூட்டுவாழ்வு. மணந்துகொள்வதாக அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தாராம். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டை வந்தபோது லிட்டில்டன் இறந்திருந்தார். தடை நீங்கியது. ‘கிளாரிந்தா’ என்ற பெயரோடு அந்த அம்மாள் ஞானஸ்நானம் பெற்றார். உயிரோடு இருந்த ஒருவரின் அன்பு அவருக்குத் திருச்சபைக் கதவை அடைத்தது, அவருடைய சாவு திறந்துவிட்டது. ஐயர் மகா உத்தமர்தான். இருந்தாலும் இந்த நியாயம் மனசுக்கு ஒட்டவில்லை.

முதல் முறை விதவையானபோது அந்தப் பெண்ணிடம் எதுவும் இல்லை. இரண்டாம் முறை அப்படி இல்லை. லிட்டில்டன் தன் சொத்தை அவருக்கு விட்டுப் போனார் என்கின்றன திருநெல்வேலித் திருச்சபை வரலாறுகள். ஊர்க் கண்ணுக்கு இரண்டு பக்கமும் விலக்கப்பட்டவர், ஆனால் கையில் காசுள்ளவர். அந்தக் காசை அவர் செலவழித்த விதத்தில்தான் ஆளைப் பார்க்க முடிகிறது.

1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். பல சாதிக்காரர்கள். பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. இரண்டு வருஷம் முன்புவரை ஞானஸ்நானத்துக்கே லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்! பிறகு உபதேசியார் வேண்டும் என்று கேட்கத் தஞ்சாவூருக்கே போய் வந்தார். பெரும்பாலும் அவர் பணத்தில் எழுந்த கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பள்ளிக்கூடமும் நடந்தது. ஊருக்குக் குடிநீர்க் கிணறு ஒன்றும் வெட்டினார். ஊர்வாயில் அது பாப்பாத்தி அம்மாள் கிணறு, கோயிலும் பாப்பாத்தி அம்மாள் கோயில். சாதியைவிட்டு வெளியேறியவரை ஊர் கடைசிவரை சாதியாலேயே அழைத்தது வேடிக்கை.

  

இதே காலத்துச் சீமையில் விதவைக்கு ஒரு விசித்திரமான வசதி இருந்தது. கணவன் உள்ளவளின் கைப்பொருள் சட்டப்படி கணவனுடையது. விதவையின் பொருள் அவளுடையது. விதவையைக் கதாநாயகியாக வைத்து ஜேன் ஆஸ்டின் ‘லேடி சூசன்’ எழுதியதில் வியப்பில்லை. நம் பக்கத்திலிருந்து கல்கத்தா போன, மகாராணி மாதிரியான பெண்மணி ஒருவரும் உண்டு. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை கவர்னர் எட்வர்ட் க்ரோக்கின் மகள் பிரான்சிஸ், 1725இல் பிறந்தவர். மூன்று முறை விதவை, நான்கு முறை மணப்பெண். நான்காம் கணவரான பாதிரியார் ஜான்சன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்த அம்மாள் கூடப் போகவில்லை. ‘பேகம் ஜான்சன்’ என்ற பெயரோடு கல்கத்தாவிலேயே சபை நடத்தி 1812 பிப்ரவரியில் மறைந்தார். சில மாதங்களில் அவர் பேரன் லிவர்பூல் பிரபு இங்கிலாந்துப் பிரதமரானார். நான்கு கல்யாணம் அவர் மதிப்பைக் குறைக்கவில்லை. கிளாரிந்தாவுக்கு ஒரே ஒரு காதல். அதற்கே ஒரு திருச்சபை காத்திருக்கச் சொன்னது.

கிளாரிந்தா 1806 வாக்கில் காலமானார். உடன்கட்டையைத் தடைசெய்யும் சட்டம் 1829இல்தான் வந்தது. விதவை மறுமணச் சட்டம் 1856இல் வந்தது. அதிலும் மறுமணம் செய்தால் இறந்த கணவன் சொத்தில் உரிமை போய்விடும் என்று ஒரு கொக்கி இருந்தது.

நெல்லைச் சீமைப் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா உப்பு, ஆயத்தீர்வை இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பிராமண விதவை மறுமணம் செய்துகொள்ளும் கதையை ‘முத்துமீனாட்சி’ என்று தமிழில் எழுதினார். பிறகு 1915இல் பாப்பாத்தி அம்மாளை நாயகியாக்கி ‘கிளாரிந்தா’ நாவலை எழுதினார், ஆங்கிலத்தில். மறுமணக் கதையைத் தமிழ் வாசகர் முன் வைத்தவர், தாலியில்லாக் காதலை மட்டும் ஏன் இங்கிலீஷில் வைத்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் யாராவது எழுதினால் படிக்கலாம். பின்னாளில் அதைத் தமிழாக்கியவரும் ஒரு பெண்தான், சரோஜினி பாக்கியமுத்து.