கடைசி நேரத்தில் நெஞ்சுக்குள் அதிர்ச்சி ஏன்?

பேஸ்மேக்கர் மெல்லிய மின்துடிப்பால் இதயத்தை நடத்தும். வலிக்காது, சாவையும் தடுக்காது. தொல்லை, நெஞ்சுக்குள் பொருத்தும் ஐ.சி.டி. என்னும் இதய அதிர்ச்சிக் கருவியால்தான். 1980இல் முதன்முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்ட இது, தாறுமாறான துடிப்பைக் கண்டதும் பலத்த அதிர்ச்சி கொடுக்கும். சாகும் வேளையில் இதயம் தடுமாறுவது இயல்பு. கருவிக்கு அது விளங்காது, திரும்பத் திரும்ப உதைக்கும்.

அதிர்ச்சியை மட்டும், உடலை வெட்டாமலே, வெளியிலிருந்து நிறுத்தலாம். அவசரத்துக்கு, கருவிக்கு மேல் வைக்கும் காந்தமும் பெரும்பாலும் உதவும். காந்தத்தை எடுத்தால் அதிர்ச்சி மீளும். அதிர்ச்சியை நிறுத்துவது கருணைக்கொலை அல்ல.

செத்தவீட்டில் இன்னொன்று. கோம்பயன்மணல் மயானத்தில் எரிப்பதானால், பேஸ்மேக்கரோ ஐ.சி.டி.யோ, முதலில் கருவியை வைத்தியசாலையில் அகற்றவேண்டும். சூட்டில் பற்றரி வெடிக்கும். 1976இல் இங்கிலாந்தின் சொலிஹலில் அப்படி ஒரு பேஸ்மேக்கர் வெடித்தது. கருவி இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.