உரத்து அழாத பியானோ: டினு லிபாட்டியின் கடைசி ஒலிப்பதிவுகள்

ஜெனீவா என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது மனித உரிமைகள் பேரவைதான். எனக்கு அந்த நகரம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியமானது. 1950 யூலையில், அங்கிருந்த வானொலிக் கலையகமொன்றில், டினு லிபாட்டி என்ற பியானோக் கலைஞர் ஷோபினின் 14 வால்ட்ஸ்களை ஒலிப்பதிவு செய்தார். உலகப் போரின் நடுவே, 1943இல் ருமேனியாவை விட்டு வெளியேறி ஜெனீவாவில் தங்கியவர் அவர். அப்போது வயது 33. நிணநீர்ப் புற்றுநோய் முற்றியிருந்தது. புதிதாக வந்திருந்த கோர்ட்டிசோன் மருந்து தந்த சில வாரத் தெம்பில்தான் அந்தப் பதிவு நடந்தது.

ஷோபினும் ஊரைப் பிரிந்தவர்தான். 1830 நவம்பரில் அவர் வார்சோவை விட்டுப் புறப்பட்டார். அதே மாத இறுதியில் அங்கே ரஷ்ய ஆட்சிக்கெதிரான கிளர்ச்சி வெடித்தது. அடுத்த ஆண்டு அது நசுக்கப்பட்டது. அவர் பின்னர் ஊர் திரும்பவேயில்லை. இந்தக் கதை தெரிந்த பலர், அவருடைய இசையில் துயரத்தை அள்ளிக் கொட்டி வாசிப்பார்கள். தாளத்தை இழுப்பார்கள், உச்சங்களில் ஓங்கி அடிப்பார்கள்.

லிபாட்டி அப்படிச் செய்யவில்லை. சீ ஷார்ப் மைனர் வால்ட்ஸைக் கேட்டுப் பாருங்கள். வால்ட்ஸ் என்பது மூன்று அடித் தாளத்தில் அமைந்த நடன இசை. இடது கை அந்தத் தாளத்தை நிதானமாகப் பிடித்துச் செல்கிறது. வலது கையின் மெட்டு சற்றுத் தயங்கும், சற்று விரையும். இதற்கு 'ருபாட்டோ' என்று பெயர். இடது கை தாளத்தை விடக்கூடாது என்றுதான் ஷோபினும் கற்பித்தார் என அவருடைய மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடக்கத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. தாளம் உறுதியாக இருந்தால்தான் ஒரு சிறு தயக்கம்கூடக் காதில் விழும். எல்லா இடத்திலும் தயங்கினால் எந்தத் தயக்கத்துக்கும் அர்த்தமில்லை.

போரில் பிள்ளைகளைத் தொலைத்தவர்களைப் பேட்டி காணும்போது நானும் இதைக் கவனித்திருக்கிறேன். திகதி, இடம், உடுத்தியிருந்த சட்டையின் நிறம் என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒரு பெயர் வரும்போது மட்டும் குரல் நிற்கும். அந்தக் குரலில் வலி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

1950 செப்டெம்பர் 16இல், பிரான்ஸின் பெசான்சோன் நகரில் லிபாட்டி கடைசிக் கச்சேரியைச் செய்தார். 13 வால்ட்ஸ்களை வாசித்தார். 14ஆவதை வாசிக்க உடம்பில் வலு இருக்கவில்லை. டிசெம்பர் 2இல் காலமானார். அந்தக் கச்சேரியின் பதிவும் இன்று கிடைக்கிறது. அதிலும் அவர் தன் நோய்க்காக எங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. ஷோபினை மட்டுமே கேட்க வைக்கிறார்.