கரும்பழுப்பும் வீட்டின் உள்ளழகும்

உழுத நிலமும், தேக்கு விட்டமும், வறுத்த காப்பிக் கொட்டையும் பழுப்பு நிறத்தவை. அந்நிறத்தின் கரிய சாயலை வீட்டின் உட்சுவர்களுக்குப் பூசும் ஆர்வம் இப்போது பலரிடம் காணப்படுகிறது. அது தக்கதுதானா, தக்கதெனில் எங்கே, எவ்வளவு என்பதைக் கட்டடக் கலை பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே விளக்க முயல்கிறேன்.

வானவில்லில் பழுப்பு இல்லை. ஆரஞ்சு நிறம் ஒளி குன்றித் தோன்றுவதே பழுப்பு. அதனினும் வெளிச்சமான பொருள் அருகில் இருந்தால்தான் நம் கண் அதைப் பழுப்பு என்று உணர்கிறது. ஆகவே, வெண்மையின் துணையோடுதான் இந்நிறம் பொலிவு பெறும். செட்டிநாட்டு வீடுகளை எண்ணிப் பாருங்கள். தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கின் கரும்பழுப்பு. சுவர்களோ முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின் வெண்மை. நடுவே வானம் பார்த்த முற்றம். அங்கே பழுப்பு கண்ணை உறுத்துவதில்லை.

இந்நிறத்தைத் தரும் பழைய பொருள் அம்பர் என்னும் மண். அதில் இரும்பு ஆக்ஸைடும் மாங்கனீஸ் ஆக்ஸைடும் உள்ளன. வறுத்தால் செம்மை கூடி நிறம் ஆழமாகும். சுண்ணாம்பின் காரத்தையும் வெயிலையும் அது தாங்கும்.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 80 பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பும். கரும்பழுப்புச் சுவர் 10 பங்கைக்கூட அனுப்புவது அரிது. நான்கு சுவர்களும் கரும்பழுப்பானால், விளக்கு எரிந்தும் அறை இருண்டிருக்கும். எங்கள் ஊர் வீட்டுக் கூடம் முழுவதற்கும் இந்நிறம் பூசலாமா என்று என் தமையனார் கடிதத்தில் கேட்டிருந்தார். அக்கூடத்தில்தான் எங்கள் பெற்றோர் நாள் முழுவதும் இருக்கின்றனர். 60 வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதினருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. நமக்கு அழகாகத் தோன்றும் மங்கல், அவர்களுக்குப் படி தெரியாத இருட்டு. எனவே, ஒரு சுவர் போதும் என்று எழுதினேன்.

எந்தச் சுவர்? சன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். அறைக்கு ஒளியைப் பரப்புவது அதுவே. சன்னல் உள்ள சுவரும் வேண்டாம். கருஞ்சுவரின் நடுவே சன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். பக்கச் சுவரே நன்று. நீண்டு குறுகிய அறையானால் கடைக்கோடிச் சுவருக்குப் பூசலாம். அது சற்று அருகே வந்ததுபோல் தோன்றி, அறையின் நீளம் அடங்கும். மேல்தளம் வெள்ளையாகவே இருக்கட்டும். விளக்கு 2700 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளியாயின் பழுப்பு கனிந்து தோன்றும். 6500 கெல்வின் வெள்ளொளியில் சோர்ந்து காணும்.

பூசுமுன் சுவரில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். உப்புப் பூத்தால் கருஞ்சுவரில் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மேடு பள்ளங்களைப் பட்டி பார்த்துச் சமன் செய்து, பளபளப்பில்லாத பெயிண்டையே பூசுக; பளபளப்பு சிறு குறையையும் காட்டிக் கொடுத்துவிடும். வாடகை வீடாயின் உரிமையாளரைக் கேளுங்கள்; மீண்டும் வெள்ளையாக்கப் பல பூச்சுகள் வேண்டியிருக்கும்.

நண்பர்களே, விடுமுறையில் வீடு சென்றால், பெற்றோர் அமரும் இடத்தில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து பாருங்கள். நிறத்தை அதன் பிறகு தேர்ந்தெடுங்கள்.