ஜெனரேட்டரில் ஒரு சின்னப் பெட்டி

கரண்ட் போய்விட்டது. மருத்துவமனையில் ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். பல்புகள் எரிகின்றன. கண் கூசும் அளவுக்கு எரிகின்றன. மறு நொடி, பட்பட்டென்று ஃபியூஸ் போகின்றன. தடுப்பூசி மருந்து வைத்திருந்த ஃபிரிட்ஜும் கெட்டுவிடுகிறது. அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும். இனி அதை எங்கே வைப்பது?

இஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு சின்னக் கம்பி கழன்றிருந்தாலே போதும், இவ்வளவும் நடந்துவிடும்.

எப்படி?

ஜெனரேட்டருக்குள் காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றி உள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இது. சுழலும் காந்தமும் ஒரு கம்பிச் சுருள்தான். இரும்பின் மேல் சுற்றியது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டினால் காந்தம் ஆகும். அதிகமாக ஊட்டினால் வோல்டேஜ் ஏறும். குறைத்தால் இறங்கும்.

நம் நாட்டில் வீட்டு விளக்குக்கு 230 வோல்ட். பெரிய மோட்டாருக்கு 415 வோல்ட். மோட்டாரைப் போட்டதும் வோல்டேஜ் இறங்கும். மேடு ஏறும் வண்டி தளர்வது போல. அப்போது காந்தத்துக்குக் கூடுதலாக ஊட்ட வேண்டும். முன்பெல்லாம் மின் நிலையத்தில் ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கையால் சக்கரத்தைத் திருப்புவார். பிறகு ஒரு பெட்டி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மெக்கானிக்குகள் அதை ஏ.வி.ஆர். என்பார்கள். டிஜிட்டல் வகைப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே இருக்கிறது.

பெட்டிக்குக் கண் உண்டா? உண்டு. ஜெனரேட்டரின் வெளிவாயிலிலிருந்து வரும் கம்பிகள்தான் அதன் கண். வோல்டேஜ் எவ்வளவு என்று அவை சொல்லும். அந்தக் கம்பி கழன்றால் பெட்டிக்குத் தெரிவது பூஜ்யம். "வோல்டேஜே இல்லை" என்று எண்ணி, முழு பலத்தோடு ஊட்டிவிடும். நல்ல டிஜிட்டல் பெட்டி இதைக் கண்டுபிடித்து ஊட்டுவதை நிறுத்தும். ஆனால் அந்தக் காவலை செட்டிங்கில் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் நடக்கும். 415 வோல்ட் என்று செட் செய்த பெட்டிக்கு, 230 வோல்ட் இடத்திலிருந்து கண் கம்பியைக் கொடுத்துவிடுவார்கள். பெட்டி 415 வரும்வரை ஏற்றப் பார்க்கும். 230 வோல்ட் பல்பு என்ன ஆகும்?

காந்தச் சுருளுக்குப் போகும் கம்பிகளில் பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றிக் கொடுத்தால் பல ஜெனரேட்டர்களில் வோல்டேஜ் எழும்பாது. இரும்பில் தங்கியிருக்கும் பழைய காந்தத்தைப் புது மின்சாரம் அழித்துவிடும்.

கண் கம்பியை, தடித்த பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டக் கூடாது. மெக்கர் வைத்துச் சுருளைச் சோதிப்பதானால், முதலில் பெட்டியின் கம்பிகளைக் கழற்ற வேண்டும். மெக்கரின் 500 வோல்ட் பெட்டியையே கொன்றுவிடும். பலர் மறப்பது இதைத்தான்.

இது பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. அவர் இஞ்சினை நிறுத்தி, பாட்டரிக் கம்பியையும் கழற்றிவிட்டுத்தான் கை வைப்பார். முடிந்ததும் ஒவ்வொரு ஸ்குரூவையும் இழுத்துப் பார்ப்பார். லோடு எதுவும் இல்லாமல் ஓட்டி, குறைந்த வோல்டேஜில் தொடங்கி, மீட்டரைப் பார்த்து மெல்ல ஏற்றுவார். 230 நிலையாக நின்ற பிறகு முதலில் ஒரு பல்பு. ஃபிரிட்ஜ் கடைசியில்.